சொந்தமா ஃபிஷிங் ராடு கட்டுறது, உடைஞ்ச ராடை சரி பண்றது: முழுமையான வழிகாட்டி

கடையில தொங்குற ராடு எல்லாமே சராசரி ஆளை மனசுல வெச்சு பண்ணது. உங்க முழங்கை எவ்ளோ நீளம், எந்த ரீல் மாட்டுறீங்க, எவ்ளோ எடை லூர் (மீனை ஏமாத்துற செயற்கை இரை) வீசுறீங்க, ஒரு கையில காஸ்ட் பண்றீங்களா ரெண்டு கையிலயான்னு அதுக்கு எதுவும் தெரியாது. நாமளே கட்டினா இது எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம். ஒருதடவை கட்டிட்டா ரிப்பேரும் தானா வந்துரும், ஏன்னா ரிப்பேர்ங்கிறது கட்டுற வேலையில ஒரு பகுதியை மட்டும் திரும்ப செய்யறது தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மனசுல நல்லா பதிய வெச்சுக்கோங்க. ராடோட பலம் மொத்தமும் பிளாங்க்ல, அதாவது எதுவும் மாட்டாத வெறும் ராடு குழாய்ல இருக்கு. நாம அதுக்கு மேல ஒட்டுறது, சுத்துறது, பூசுறது எல்லாமே எடை தான். கைப்பிடி பக்கம் 10 கிராம் கூடினா கைக்கே தெரியாது, அதையே டிப் (நுனி) பக்கம் ஏத்தினா ராடு மந்தமாயிரும், காஸ்ட் பண்ணதும் டிப்பு ரொம்ப நேரம் ஆடிட்டே இருக்கும், சின்ன கடி கையில தெரியாது. அதனால மேல போகப் போக நூல், எபாக்சி (ரெண்டு பாகமா கலக்குற பசை), கைடு (லைன் உள்ள போற வளையம்) எல்லாம் எவ்ளோ கம்மியா முடியுமோ அவ்ளோ கம்மியா. நான் கீழ சொல்ற பாதி விஷயம் இதை வெச்சுத்தான்.

பிளாங்க் எடுக்குறது

பவர், ஆக்‌ஷன் ரெண்டையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. பவர்னா வளைக்க எவ்ளோ பலம் வேணும்ங்கிறது, லைட், மீடியம், ஹெவின்னு போகும். ஆக்‌ஷன்னா எந்த இடத்துல இருந்து வளையுதுங்கிறது. ஃபாஸ்ட்னா மேல் மூணுல ஒரு பங்கு வளையும், மாடரேட்னா பாதி வரைக்கும், ஸ்லோன்னா கைப்பிடி வரைக்கும் வளைவு வரும். ஜிக், சாஃப்ட் பிளாஸ்டிக் மாதிரி லூர்ல ஒத்தை ஹூக் வெச்சு அடிச்சு கொக்கி ஏத்துற வேலைக்கு ஃபாஸ்ட். ட்ரெபிள் (மூணு முனை) ஹூக் வெச்ச கிராங்க்பெயிட் லூருக்கு மாடரேட், ஏன்னா மீன் வாயில இருந்து ஹூக் பிடுங்கிட்டு வராம ராடு கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும்.

மெட்டீரியல்ல கார்பன், ஃபைபர்கிளாஸ், ரெண்டும் கலந்த காம்போசிட்னு மூணு வகை. கார்பன் லேசு, உணர்திறன் அதிகம், ஆனா ஒரு சின்ன வெட்டு காயம் பட்டாலே பின்னாடி அந்த இடத்துல ஒடியும். கிளாஸ் எடை கூட, அடி உதை தாங்கும். மாடுலஸ் (கார்பனோட விறைப்பு அளவு) நம்பர் பெருசா இருந்தா நல்ல ராடுன்னு நினைச்சு வாங்காதீங்க, மாடுலஸ் கூடக் கூட அதே விறைப்பை கம்மி மெட்டீரியல்ல கொண்டு வந்துரலாம், சுவர் மெல்லிசாகும், ஓரமா ஒரு தட்டு தட்டினாலே போயிரும். முதல் ராடுக்கு 6.5ல இருந்து 7 அடி, மீடியம் பவர், நடுத்தர மாடுலஸ் கார்பன்ல ஒரு ஸ்பின்னிங் (ரீலும் கைடும் ராடுக்கு கீழ வர்ற வகை) பிளாங்க் எடுங்க. ஸ்பின்னிங்ல கைடு கீழ தொங்குறதால சின்ன சின்ன அலைன்மென்ட் தப்பு கூட பெருசா பாதிக்காது.

பிளாங்க் வாங்கும்போதே பட் (கைப்பிடி பக்க முனை) விட்டம், டிப் சைஸ் ரெண்டையும் குறிச்சு வெச்சுக்கோங்க. டிப் டாப் (நுனியில மாட்டுற கடைசி கைடு) குழாய் சைஸை ஒரு இன்ச்ல 64ல் பங்கு கணக்குல சொல்லுவாங்க, 5ன்னு போட்டிருந்தா 5/64 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 2 மி.மீ. வெர்னியர் காலிப்பர் ஒண்ணு இருந்தா இந்த வேலைக்கு ரொம்ப உதவும்.

என்னென்ன கருவி வேணும்

மெஷின் எல்லாம் எதுவும் வேணாம். ஒரு உறுதியான அட்டைப்பெட்டியில எதிரெதிரா ரெண்டு V வெட்டு வெட்டி, உராயாம இருக்க அதுல கொஞ்சம் துணி ஒட்டினா ராடு உக்கார ஸ்டாண்ட் ரெடி. நூல் உருண்டையை ஒரு டம்ளர்ல போட்டு, நூலை கனமான புக்கோட பக்கத்துக்கு நடுவுல விட்டு எடுத்தா டென்ஷன் கிடைக்கும், டைட்டா வேணும்னா மேல இன்னொரு புக் வைங்க. இதுபோக மாஸ்கிங் டேப், புது பிளேடு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நைட்ரைல் கிளவுஸ், சின்ன ஃபைல், 220ம் 400ம் உப்புத்தாள். காசு செலவு பண்றதா இருந்தா ஒரே ஒரு பொருளுக்கு பண்ணுங்க, எபாக்சி காயும்போது ராடை மெதுவா சுத்துற மோட்டார். நிமிஷத்துக்கு 6ல இருந்து 18 சுத்து போதும்.

ஸ்பைன் பாக்கணுமா வேணாமா

கார்பன் துணியை ஒரு கம்பி மேல சுத்தி வேகவெச்சு தான் பிளாங்க் பண்றாங்க, அதனால ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் விறைப்பா இருக்கும், அது தான் ஸ்பைன். பட் முனையை வழவழன்னு இருக்குற தரையில ஊனி, மேல் பாகத்தை ஒரு கை விரல் மேல தாங்கி, நடுவுல லேசா அழுத்தி உருட்டினா ஒரு இடத்துல டக்குனு துள்ளி நிக்கும், அங்க தெரிஞ்சுரும். பழைய ஆளுங்க ஸ்பைனை பாத்துத்தான் கைடு கட்டணும், இல்லன்னா ராடு முறுக்கும்னு சொல்லுவாங்க. நான் அதை ஏத்துக்கறதில்ல. பெயிட்காஸ்டிங் ராடு (ரீலும் கைடும் மேல் பக்கம் வர்ற வகை) மீன் இழுக்கும்போது முறுக்குறதுக்கு காரணம் கைடு மேல் பக்கம் இருக்குறது தான், லைன் அதை கீழ திருப்பப் பாக்குது, ஸ்பைனை எங்க வெச்சாலும் அந்த விசை போகாது. அது தொந்தரவா இருந்தா ஸ்பைரல் ரேப் பண்ணுங்க, அதாவது ரீல் பக்கத்து கைடு மேல ஆரம்பிச்சு, அடுத்த ரெண்டு மூணு கைடு பக்கவாட்டுல திரும்பி, மீதி எல்லாம் கீழ போயிரும். முறுக்கு சுத்தமா போயிரும்.

நான் பாக்குறது நேர்க்கோடு தான். பிளாங்கை கண்ணுக்கு நேரா பிடிச்சு பட் பக்கம் இருந்து பாத்து மெதுவா உருட்டுங்க, எந்த பிளாங்க்லயும் லேசா ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவு மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ வர மாதிரி வெச்சுட்டா பக்கவாட்டுல நேரா தெரியும். டிப்பு மேல் நோக்கி இருக்குற மாதிரி வெச்சா கைடு எடை அதை கொஞ்சம் இறக்கி நேராக்கும். அந்த கோட்டை டேப்ல குறிச்சுக்கோங்க.

கைப்பிடியும் ரீல் சீட்டும்

முதல்ல நீளம். ராடை மீன் பிடிக்கிற மாதிரி பிடிச்சு ரீல் வர்ற இடத்துல கை வெச்சா பட் முனை முழங்கையை தாண்டி ஒரு ரெண்டு மூணு விரல் போகணும். அதுக்கு மேல போனா சட்டையில சிக்கும், ரொம்ப கம்மியா இருந்தா மணிக்கட்டு வலிக்கும். ரெண்டு கை காஸ்டிங்னா கூட வேணும். பிளாங்க் மேல டேப்ல ரீலை கட்டி வெச்சு வீசுற மாதிரி நாலு தடவை ஆக்‌ஷன் பண்ணி பாத்தா உங்க கையே சொல்லிரும், ஒட்டின அப்புறம் மாத்தவே முடியாதுங்கிறதால இங்க அவசரப்படாதீங்க.

கைப்பிடிக்கு கார்க்கா ஈ.வி.ஏ (ஒரு வகை ஃபோம்) வான்னா ரெண்டும் நல்லது தான். கார்க் லேசு, கையில அதிர்வு நல்லா தெரியும், ஆனா ஓட்டை விழும், ஓரம் உடையும். ஈ.வி.ஏ முரட்டு யூஸுக்கு தாங்கும். ரெண்டையுமே டிப் பக்கம் இருந்து கீழ இறக்கித்தான் மாட்டணும், ஏன்னா பிளாங்க் கீழ வர வர தடிச்சுட்டே வரும். ஓட்டை சின்னதா இருந்தா ரீமர்ல, இல்ல பழைய பிளாங்க் துண்டுல முரட்டு உப்புத்தாள் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்குங்க. கையால அழுத்தினா இடத்துல போய் நிக்கணும், கார்க்கை பலம் கொடுத்து அடிச்சு இறக்கினா பிளந்துரும்.

ரீல் சீட்டோட (ரீலை மாட்டுற பாகம்) உள் விட்டம் பிளாங்கை விட பெருசா இருக்கும், அந்த இடைவெளியை நிரப்ப ஆர்பர் வேணும். எல்லாரும் பண்றது மாஸ்கிங் டேப் சுத்துறது. அது வேலை செய்யும், ஆனா தொடர்ச்சியா ஒரே உருளையா சுத்தாதீங்க, 1 செ.மீ. அகலத்துல மூணு நாலு வளையமா சுத்தி நடுவுல அரை செ.மீ. இடைவெளி விடுங்க, அந்த இடைவெளியில எபாக்சி நிரம்பி பிளாங்கையும் சீட்டையும் நேரடியா பிடிக்கணும். டேப் காகிதம் தானே, உள்ள தண்ணி போனா ஊறி மக்கிரும், பழைய ராடுல ரீல் சீட் லூஸாகி சுத்துறதுக்கு முக்கால்வாசி காரணம் இது தான். கடல்ல யூஸ் பண்ற ராடுன்னா கார்க் ஆர்பரோ ஃபோம் ஆர்பரோ போடுங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி, பளபளப்பா இருக்குற பிளாங்கை கைப்பிடி வர்ற இடத்துல மட்டும் 400 உப்புத்தாள்ல லேசா உரசி மங்கலாக்குங்க, அப்புறம் ஆல்கஹால் போட்டு துடைங்க. கார்பன் தூசி மூச்சுல போகக்கூடாது, தண்ணி தொட்டு உரசுங்க, மாஸ்க் போடுங்க. பசைக்கு கெட்டியான ரெண்டு பாகம் எபாக்சி பேஸ்ட், மெதுவா காயறது. 5 நிமிஷ எபாக்சி வேணவே வேணாம், தண்ணியில தாக்குப் பிடிக்காது, சீட்டை நேராக்கிட்டு இருக்கும்போதே இறுகிரும். பிளாங்க் மேல பூசி, கைப்பிடியை முறுக்கிட்டே இறக்கினா உள்ள ஒரே சீரா பரவும். வழியிறதை ஆல்கஹால் துணியில உடனே துடைங்க. சீட்டோட மரையில எபாக்சி படாம பாத்துக்கோங்க. காயறதுக்கு முன்னாடி உண்மையான ரீலை மாட்டி, ரீல் கால் நீங்க குறிச்ச கோட்டுக்கு நேரா இருக்கான்னு பட்ல இருந்து கண்ணை வெச்சு பாருங்க.

கைடு வைக்கிற இடம்

எத்தனை கைடுன்னு கேட்டா, அடி கணக்குல நீளம் எவ்ளோவோ அதுக்கு மேல ஒண்ணுன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, டிப் டாப் இதுல சேராது. 7 அடிக்கு 8. ஆரம்பிக்க இது போதும், இறுதி முடிவை பிளாங்க் தான் சொல்லணும். ஸ்பின்னிங் ரீல்ல இருந்து லைன் பெரிய பெரிய சுருளா வெளிய வரும், அதனால முதல் கைடு 25 மி.மீ. மாதிரி பெருசா, அடுத்தது ரெண்டு மூணு கைடுக்குள்ள வேகமா சின்னதாகி, அப்புறம் டிப் வரைக்கும் ஒரே சின்ன சைஸ். பெயிட்காஸ்டிங்ல லைன் நேரா வர்றதால 10, 12 மி.மீ.ல ஆரம்பிச்சா போதும்.

வளையம் எதுல பண்ணதுங்கிறதும் முக்கியம். அலுமினியம் ஆக்சைடு சாதாரண வேலைக்கு தாராளம். சிலிக்கான் கார்பைடு இன்னும் கடினம், சூடு சீக்கிரம் கடத்தும், பிரெய்டு (பின்னின) லைனுக்கு நல்லது. ஃபூஜியோட அல்கோனைட், டார்சைட் எல்லாம் செராமிக் வகை தான், டார்சைட்ல வளையம் மெல்லிசா இருக்கும், எடை குறையும். ஃபிரேம்ல டைட்டானியம் போட்டா உப்புத்தண்ணியில துருவே பிடிக்காது. பட்ஜெட் கம்மின்னா கீழ இருக்குற கைடை சாதாரணமா வாங்கிட்டு மேல் நாலு கைடுக்கு மட்டும் லேசான நல்ல கைடு போடுங்க.

கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கைடு காலையும் ஃபைல் பண்ணணும். கால் நுனியோட மேல் பக்கத்தை கத்தி முனை மாதிரி சரிவாக்குங்க, அப்போ தான் நூல் இடைவெளி இல்லாம அதுல ஏறும். அடிப்பக்கம் பிசிறு இருந்தா 400 தாள்ல வழவழப்பாக்குங்க, அந்த பிசிறு தான் ராடு வளையும்போது கார்பனை அறுக்குது. சமதளத்துல வெச்சு பாத்து கால் வளைஞ்சிருந்தா நேராக்குங்க, வளைஞ்ச காலை நூலால அமுக்கி கட்டினா பிளாங்க்ல எப்பவும் ஒரு அழுத்தம் இருந்துட்டே இருக்கும்.

முதல்ல டிப் டாப்பை மாட்டிருங்க. இதுக்கு எபாக்சி கூடாது, சூடாக்கினா உருகுற ஹாட் மெல்ட் பசை தான், ஏன்னா இது ஒருநாள் உடையும், நீங்க கழட்ட வேண்டி வரும். பசையை சின்ன துண்டா சீவி குழாய்க்குள்ள போட்டு, குழாயை லைட்டர்ல சூடாக்கி, பிளாங்க் மேல முறுக்கி ஏத்துங்க. தீயை பிளாங்க் மேல காட்டவே கூடாது.

இப்போ டிப்ல இருந்து முதல் கைடு 10 செ.மீ. கிட்ட, அடுத்தடுத்து இடைவெளி ஒவ்வொரு செ.மீ. ஒன்றரை செ.மீ.யா கூடிட்டே வர்ற மாதிரி சின்ன ரப்பர் வளையத்துல மாட்டுங்க. அப்புறம் ஸ்டேட்டிக் டெஸ்ட். ராடோட பட் பக்கத்தை 45 டிகிரி சாய்வுல கெட்டியா கட்டி, லைனை எல்லா கைடு வழியாவும் விட்டு, நுனியில எடை கட்டி டிப்பு தரையை பாக்குற அளவுக்கு வளைய விடுங்க. பக்கவாட்டுல நின்னு பாருங்க. லைன் பிளாங்கோட வளைவை ஒட்டியே போகணும். எங்க ரெண்டு கைடுக்கு நடுவுல லைன் நேர்க்கோடா வெட்டி, பிளாங்க்ல இருந்து ரொம்ப விலகி நிக்குதோ அங்க இடைவெளி ஜாஸ்தி, கைடை நகத்துங்க. காஸ்டிங் ராடுன்னா லைன் எங்கயுமே பிளாங்கை தொடக்கூடாது. இதுல அரை மணி நேரம் செலவு பண்ணலாம், அப்படியே டேப்ல ஒட்டிட்டு வெளிய போய் கொஞ்சம் வீசியும் பாருங்க, தூரம் குறைஞ்சா முதல் பெரிய கைடை முன்ன பின்ன 2 செ.மீ. நகத்தினாலே வித்தியாசம் தெரியும்.

நூல் சுத்துறது

நைலான் நூல்ல A சைஸ் மெல்லிசு, பெரும்பாலான ராடுக்கு அது போதும். D சைஸ் தடிமன், பெரிய ட்ரோலிங் (ஓடுற படகுல இருந்து இரையை இழுத்துட்டே பிடிக்கிறது) ராடுக்கு மட்டும். பலமா இருக்கட்டும்னு சின்ன ராடுல D சுத்தாதீங்க, அதுக்கு எபாக்சியும் ரெண்டு மடங்கு குடிக்கும். சாதாரண நைலான் நூல் எபாக்சி பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகி நிறம் இருண்டு போகும், பிளாங்க் கலர் உள்ள தெரியும். நிறம் அப்படியே வேணும்னா NCP நூல் வாங்குங்க, இல்ல கலர் பிரிசர்வர் பூசுங்க.

கைடோட ஒரு காலை மெல்லிசான டேப் துண்டுல ஒட்டிட்டு இன்னொரு கால்ல இருந்து ஆரம்பிங்க. கால் நுனிக்கு 4, 5 மி.மீ. முன்னாடி, வெறும் பிளாங்க் மேல நூலை ஒரு சுத்து சுத்தி அதோட வாலை குறுக்க தாண்டி விட்டு, வாலுக்கு மேலயே 5, 6 சுத்து சுத்துங்க, அது தன்னையே பிடிச்சுக்கும், வாலை வெட்டிருங்க. நூலை ராடை சுத்தி கொண்டு போகாதீங்க, ராடைத்தான் உருட்டணும், நூல் லேசா சாய்வா வந்து முந்தின சுத்தோட ஒட்டிட்டே விழும். கால் மேல ஏறுற இடத்துல தான் எல்லாருக்கும் இடைவெளி விழும், அங்க மெதுவா போய் ஒவ்வொரு சுத்தையும் நகத்தால பின்னாடி தள்ளுங்க.

முடிக்கிறதுக்கு 8 சுத்து முன்னாடி, மெல்லிசான பிரெய்டு லைனை பாதியா மடிச்சு வளையம் முன்னாடி நோக்கி இருக்குற மாதிரி வெச்சு, அதுக்கு மேலயே மீதி 8 சுத்தும் சுத்துங்க. கடைசி சுத்தை விரலால அமுக்கிட்டு நூலை வெட்டி, நுனியை வளையத்துல விட்டு, வளையத்தோட ரெண்டு வாலையும் இழுத்தா நூல் சுத்துக்கு அடியில போய் வெளிய வரும். முழுசா இழுத்து டைட் பண்ணிட்டு, நூல் வெளிய வர்ற இடத்துல புது பிளேடால சுத்தை தொடாம வெட்டிருங்க. ஒத்தைக்கால் கைடுல ஒரு சின்ன வேலை கூட, கைடோட கழுத்து வரைக்கும் சுத்திட்டு, கழுத்தை தாண்டி அந்தப் பக்கம் பிளாங்க் மேல மூணு நாலு சுத்து போட்டு முடிங்க, கைடு முன்னாடி உருவிட்டு வராது.

டென்ஷன் எவ்ளோன்னா, சுத்தி முடிச்ச கைடை கட்டை விரலால அழுத்தமா தள்ளினா லேசா நகரணும். நகரவே இல்லன்னா ரொம்ப டைட், பிளாங்கை நசுக்கும், அலைன்மென்ட்டும் பண்ண முடியாது. எல்லாம் முடிஞ்சதும் பேனா மூடி மாதிரி வழவழப்பான பிளாஸ்டிக்ல நூல் மேல தேய்ச்சா மீதி இடைவெளியும் மூடிக்கும். அப்புறம் வெளிச்சத்தை நோக்கி பிடிச்சு, ரீல் சீட்ல இருந்து டிப் வரைக்கும் வளையம் எல்லாம் ஒரே வரிசையில இருக்கான்னு பாத்து தள்ளி நேராக்குங்க. நூல்ல பஞ்சு மாதிரி நீட்டிட்டு இருக்குற இழைகளை ஸ்பிரிட் விளக்குத் தீயில ஒரே வீச்சா காட்டி எடுத்தா சுருங்கிரும், நிறுத்தி காட்டினா நூலே எரியும்.

எபாக்சி பூசுறது

நல்லா கட்டின ராடு கெட்டுப் போறது பெரும்பாலும் இங்க தான், அதுவும் ரெண்டே காரணத்துல. ஒண்ணு அளவு தப்பு, இன்னொண்ணு அவசரம்.

ராடு ஃபினிஷ் எபாக்சி பெரும்பாலும் ரெசினும் ஹார்ட்னரும் கன அளவுல சமம். எடை போட்டு பண்ணாதீங்க, ரெண்டோட அடர்த்தியும் வேற. ரெண்டு தனித்தனி சிரிஞ்ச் வெச்சு, மேல பெயர் எழுதி, எப்பவும் மாத்தாம யூஸ் பண்ணுங்க. ரப்பர் தலை வெச்ச மருத்துவ சிரிஞ்ச்ல உள்ள சிலிக்கான் எண்ணெய் இருக்கும், அது கலந்தா பூச்சுல குழி குழியா விழும், ரப்பர் இல்லாத முழு பிளாஸ்டிக் சிரிஞ்ச் தான் நல்லது. ஒவ்வொண்ணும் 3 மி.லி.க்கு கம்மியா எடுக்காதீங்க, 1 மி.லி. எடுத்தா ஒரு சொட்டு தப்பு கூட பெரிய சதவீதமாயிரும், மீந்தது போகட்டும்.

ரூம் 21ல இருந்து 25 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது, ஈரப்பதம் கம்மியா இருக்குற நாளா பாருங்க. பாட்டில் கெட்டியா இருந்தா மூடின பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வைங்க. கலக்கும்போது அடிச்சு கலக்காதீங்க, வட்டமா மெதுவா, பக்கவாட்டையும் அடியையும் வழிச்சு வழிச்சு 4, 5 நிமிஷம். அப்புறம் அலுமினியம் ஃபாயில் மேல ஊத்தி பரப்பிருங்க. குப்பியிலயே வெச்சா தன் சூட்டுலயே சீக்கிரம் இறுகும், பரப்பினா நேரம் கிடைக்கும், குமிழும் தானா மேல வந்து உடையும்.

கிளவுஸ் போடுங்க, ஜன்னல் திறந்து வைங்க. எபாக்சி ஹார்ட்னர் தோல்ல அடிக்கடி பட்டா அலர்ஜி வந்து, அப்புறம் வாழ்நாள் பூரா அந்த வாசனைக்கே சிலருக்கு தடிச்சுக்கும்.

பூசும்போது முதல் கோட் நூலை நனைக்கிறதுக்கு மட்டும் தான். மெல்லிசான பிரஷ்ல தொட்டு, ராடை உருட்டிட்டே நூல் நிறம் மாறுற வரைக்கும் குடிக்க விடுங்க, கைடு காலுக்கு அடியில இருக்குற சுரங்கம் மாதிரி இடைவெளியில எபாக்சி போகணும், இல்லன்னா தண்ணி போய் துரு பிடிக்கும். நூல் முடியிற ஓரத்துல 1 மி.மீ. தாண்டி பிளாங்க் மேல ஒரு கோடா ஓட்டி முடிங்க. 10 நிமிஷம் கழிச்சு ராடை சுத்துறதை நிறுத்திட்டு பாத்தா கூடுதலா இருக்குறது அடியில தொங்கும், அதை காஞ்ச பிரஷ்ல தொட்டு எடுத்துருங்க. இதை நிறைய பேர் பண்றதே இல்ல, ஆனா நடுவுல தொப்பை விழாம ரெண்டு ஓரமும் தட்டையா இருக்குற ஃபினிஷ் இப்படித்தான் வரும், டிப் எடையும் குறையும். குமிழ் இருந்தா அந்த இடத்துல வாயால வெதுவெதுப்பா மூச்சு விடுங்க, இல்ல ஸ்பிரிட் விளக்கை கீழ ஒரு தடவை வேகமா காட்டுங்க. மோட்டார் இல்லன்னா முதல் ஒன்றரை ரெண்டு மணி நேரம் சில நிமிஷத்துக்கு ஒருதடவை பாதி சுத்து திருப்பிட்டே இருக்கணும், அதுக்கப்புறம் இடைவெளியை கூட்டலாம்.

ரெண்டாவது கோட் 12ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள. பிசிறு தட்டுப்பட்டா பிளேடால சீவிட்டு, லேசா உரசி, ஆல்கஹால்ல துடைச்சு பூசுங்க. சின்ன ராடுக்கு மொத்தம் ரெண்டு மெல்லிசான கோட் தான், மூணாவது வேணாம். தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் முழு பலம் வர ஒரு வாரம் ஆகும், அதுக்குள்ள ராடை பலமா வளைக்காதீங்க.

ரெண்டு நாள் ஆகியும் பிசுபிசுன்னு இருந்தா அளவு தப்பு, இல்ல சரியா கலக்கல. உடனே சுரண்டாதீங்க, சரியான அளவுல கலந்த இன்னொரு மெல்லிசான கோட் மேல போட்டா பெரும்பாலும் இறுகி சரியாகிரும். அப்பவும் இறுகலன்னா நூலோட சேர்த்து எடுத்துட்டு திரும்ப கட்டுறது தான் வழி.

ரிப்பேர்

அதிகமா வர்ற கேஸ் கைடு வளையம் கீறல். லைன் காரணமே இல்லாம அறுந்துட்டே இருந்தா ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் காட்டன் பட்ஸ் விட்டு சுத்துங்க, பஞ்சு எங்க இழுபடுதோ அங்க விரிசல். வளையத்தை மட்டும் ஒட்டி சமாளிக்க முடியாது, கைடையே மாத்தணும். பிளேடை கைடோட உலோகக் கால் மேல வெச்சு நீளவாக்குல அறுங்க, பிளாங்க் மேல பிளேடு படவே கூடாது, ஒரு கோடு விழுந்தா போதும் பெரிய மீன் வர்ற அன்னைக்கு அங்கதான் ஒடியும். ஹேர் டிரையர்ல லேசா சூடாக்கினா எபாக்சி இளகும், நகத்தாலயோ பிளாஸ்டிக் அட்டையாலயோ உரிச்சு எடுத்துட்டு மேல சொன்ன மாதிரி புதுசு கட்டுங்க.

டிப் டாப் போச்சுன்னா குழாயை லைட்டர்ல சில நொடி சூடாக்கி பிளையர்ல நேரா இழுங்க. வரலன்னா திரும்ப கொஞ்சம் சூடு, முறுக்கி பிடுங்காதீங்க. டிப் பிளாங்கே ரெண்டு மூணு செ.மீ. உடைஞ்சிருந்தா நல்ல இடம் வரைக்கும் தேய்ச்சு எடுத்துட்டு பெரிய சைஸ் டிப் போட்டா போதும், ஆக்‌ஷன் கொஞ்சம் விறைப்பாகும் அவ்ளோ தான். 10 செ.மீ.க்கு மேல போயிருந்தா ராடோட குணமே மாறிரும், மேல் கைடோட இடத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணி மாத்துங்க.

நடுவுல ஒடிஞ்சது தான் பெரிய வேலை. ஒடிஞ்ச முனையை டேப் சுத்தி மெல்லிசான பல் ரம்பத்துல சுத்தமா வெட்டி, நார் நாரா இருக்குறதை எல்லாம் எடுங்க. உள்ள போற பிளக் பழைய உடைஞ்ச பிளாங்க் துண்டா இருக்கணும், அதே மெட்டீரியல், உள்குழாயா. உள்ள ஓட்டை இல்லாத திடமான கம்பி போட்டா அந்த இடம் மட்டும் வளையாம நிக்கும், அது முடியிற இடத்துல ராடு திரும்ப ஒடியும். 8 மி.மீ. பிளாங்க்னா பிளக் 12, 13 செ.மீ. இருக்கட்டும், ரெண்டு முனையையும் உப்புத்தாள்ல மெல்லிசா சரிவாக்குங்க. பட் மூடியை கழட்ட முடிஞ்சா பிளக்கை எபாக்சி பூசி பட் வழியா உள்ள விட்டு, ஒடிஞ்ச இடத்துல இறுகி பாதி வெளிய நீட்டுற வரைக்கும் தள்ளுங்க, பிளாங்க் மேல போகப் போக குறுகுறதால அது தானா டைட்டாகும். மேல் பாகத்தை அது மேல சொருகி கைடு வரிசை பாத்து நேராக்கி ஒரு நாள் காய விடுங்க.

உள்ள பிளக் மட்டும் பத்தாது. வளையும்போது பிளாங்க் குழாய் முட்டை வடிவமா நசுங்கப் பாக்கும், அதை வெளிய இருந்து பிடிக்கணும். மூட்டை சுத்தி மேல்பூச்சை உரசிட்டு, கார்பன் இழையையோ மெல்லிசான கிளாஸ் துணியையோ எபாக்சியில நனைச்சு ஒட்டி, அது மேல மூட்டுக்கு ரெண்டு பக்கமும் 5 செ.மீ. வர நூல் சுத்தி ஃபினிஷ் போடுங்க. கீழ் பாதியில ஒடிஞ்ச ராடுக்கு இது நல்லா உழைக்கும். மேல் மூணுல ஒரு பங்குல ஒடிஞ்ச லேசான கார்பன் ராடுக்கு நான் இதை பண்ண சொல்ல மாட்டேன், மூட்டு எடையே ஆக்‌ஷனை கெடுத்துரும், மேல் துண்டு தனியா கிடைச்சா அதை வாங்கிருங்க.

ரீல் சீட் ஆடுச்சுன்னா முழுசா பிரிக்காமலே ஒரு வழி இருக்கு. ரீல் கால் மறைக்கிற இடத்துல சீட்டுல மட்டும் ரெண்டு மெல்லிய ஓட்டை போட்டு, டிரில் பிட்டுல டேப் சுத்தி ஆழத்தை கட்டுப்படுத்தி பிளாங்கை தொடாம நிறுத்துங்க, ஒரு ஓட்டையில சிரிஞ்ச்ல எபாக்சி ஏத்தினா இன்னொண்ணு வழியா வெளிய வரும் வரைக்கும் நிரப்புங்க. கார்க்ல ஓட்டை விழுந்திருந்தா கார்க் தூளையும் மர பசையையும் பிசைஞ்சு அமுக்கி, காஞ்சதும் 220, அப்புறம் 400 தாள்ல தேய்ச்சா தெரியவே தெரியாது.

ரெண்டு துண்டு ராடுல ஃபெரூல் (துண்டுகள் சேர்ற மூட்டு) லூஸ் ஆனா முதல்ல மெழுகுவர்த்தியை ஆண் பாகத்துல, அதாவது உள்ள சொருகுற பாகத்துல, தேய்ச்சு பாருங்க. அப்பவும் ஆடினா ஆண் பாகத்துல ரொம்ப மெல்லிசா எபாக்சி பூசி, முழுசா காஞ்சதும் 400 தாள்ல கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு பொருந்துற அளவுக்கு கொண்டு வாங்க. சிக்கிக்கிச்சுன்னா பிளையர் போடாதீங்க, கைடை பிடிச்சும் முறுக்காதீங்க. ரப்பர் கிளவுஸ் போட்டு மூட்டுக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்துல பிடிச்சு நேரா இழுங்க, ஒரு ஆளால முடியலன்னா ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு, ஒவ்வொருத்தரும் மூட்டோட ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொரு கை வெச்சு இழுத்தா நேரா வந்துரும். அப்புறம் உள்ள இருக்குற மணலை துடைச்சுட்டு மெழுகு தேய்ச்சு வைங்க, மணலோட மாட்டினதுனால தான் பெரும்பாலும் சிக்குது.